மடிப்புக் கேமரா: தேர்ந்தெடுப்பதிலிருந்து திரும்ப மடிப்பது வரை

மேல்தகட்டில் ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால் முன்கதவு இறங்குகிறது, எஃகுச் சட்டங்கள் நிமிர்கின்றன, கறுப்புத் துருத்தி விரிகிறது, லென்ஸ் தன் இடத்தில் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. கோட்டுப் பையில் கிடந்த தட்டைப் பெட்டி ஒரு நொடியில் கேமராவாகிவிடுகிறது. பழைய மடிப்புக் கேமராக்கள் மேல் ஆசை பிறப்பது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான். வம்பு பிறப்பதும் அங்கேதான்.

சாதாரணக் கேமராவில் லென்ஸும் ஃபிலிமும் அசையாத ஒரே கூட்டில் உட்கார்ந்திருக்கின்றன. இதில் அப்படியில்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் புறப்பட்டு வந்து, நேற்று நின்ற அதே இடத்தில், ஃபிலிமுக்கு நேர் இணையாக, மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டும். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்த கீல்களும் ரிவெட்டுகளும் அந்த வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்கின்றனவா என்பதே முதல் கேள்வி. லென்ஸின் பெயர், நிறுவனத்தின் புகழ், தோலின் பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகு. கீழே நான் சொல்லும் ஏறக்குறைய எல்லா யோசனையும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்ததுதான்.

முதலில் ஃபிலிம், பிறகு கேமரா

கேமராவைப் பார்த்து மயங்கும் முன் அது எந்த ஃபிலிம் கேட்கும் என்று பாருங்கள். பின்காகிதத்தோடு சேர்த்து ஸ்பூல் என்ற சிறு உருளையில் சுற்றி வரும் 120 ஃபிலிமைக் கோடக் 1901-இல் கொண்டுவந்தது. இன்றும் கறுப்பு வெள்ளையிலும் வண்ணத்திலும் புதிதாக உற்பத்தியாகிறது. முதன்முறை வாங்குபவர் கேட்டால் என் பதில் ஒன்றுதான்: 120-ஐத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

620 கொஞ்சம் ஏமாற்றும். ஃபிலிமின் அகலமும் பின்காகிதமும் 120-இல் உள்ளவையே. ஸ்பூல் மட்டும் மெலிந்தது. 1930களின் தொடக்கத்தில் கோடக் இதை அறிமுகப்படுத்தியது, 1995-இல் நிறுத்திவிட்டது. ஆகவே கோடக்கின் பல அழகான மடிப்புக் கேமராக்களுக்கு நாமே ஃபிலிமை ஸ்பூல் மாற்றிச் சுற்றிக்கொள்ள வேண்டும். ஒளி புகாத பையில் 120 ரோலை முதலில் ஒரு காலி ஸ்பூலுக்கும், அங்கிருந்து 620 ஸ்பூலுக்கும் சுற்ற வேண்டும். ஃபிலிம் ஒரு முனையில் மட்டுமே காகிதத்தோடு ஒட்டப்பட்டிருக்கும்; இரண்டாவது சுற்றின் முடிவில் அந்த இடத்தில் சற்று உப்பும். அப்போது நாடாவை மெல்ல உரித்து, ஃபிலிமைச் சமமாக்கி, திரும்ப ஒட்டிவிட்டால் போதும். வீணாய்ப்போன ரோல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் இரண்டு முறை பழகிவிட்டால் இருட்டில் கை தானாக நடக்கும். எடுத்து முடித்த ஃபிலிம் சுற்றிக்கொள்ளும் பக்கத்துக்கும் ஒரு 620 ஸ்பூல் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

127, 116, 616 ஆகிய ஃபிலிம் வகைகள் பொறுமைசாலிகளுக்கு. 1912-இல் வந்த வெஸ்ட் பாக்கெட் கோடக் 127 ஃபிலிமுக்கானது; முதல் உலகப் போரில் சிப்பாய்கள் பையில் கொண்டுபோன கேமரா என்று பெயர் வாங்கியது. அலமாரியில் வைக்க அருமையானது. வாராவாரம் படம் எடுக்க அல்ல. 35 மி.மீ. ஃபிலிமில் மடிப்புக் கேமரா வேண்டுமென்றால் கோடக் ரெட்டினா இருக்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் 135 கேசட்டே 1934-இல் முதல் ரெட்டினாவோடு வந்ததுதான்.

அடுத்தது படத்தின் அளவு. ஒரு 120 ரோலில் 6×9 (சென்டிமீட்டரில்) என்றால் 8 படங்கள், 6×6 என்றால் 12, 6×4.5 என்றால் 16. 6×9 நெகடிவைக் கையில் பிடித்துப் பார்ப்பது தனிச் சுகம். ஆனால் கேமரா நீளமானது, துருத்தி நீளமானது, லென்ஸ் நிற்கும் தூரமும் அதிகம். சட்டங்கள் கொஞ்சம் தளர்ந்தாலும் படத்தின் ஓரம் மங்கிவிடும். துருத்தி குட்டையாக இருப்பதால் 6×6 கேமராக்கள் வயதைத் தாங்கி உறுதியாக நிற்கின்றன. தொடங்குவதற்கு அதுவே சரி.

பெயர்கள்

ஜெர்மனியின் ஸைஸ் ஐகான் 1926-இல் நான்கு நிறுவனங்கள் இணைந்து உருவானது. அதன் நெட்டர் எளியது, ஐகோண்டா நடுத்தரம், 1934-இல் வந்த சூப்பர் ஐகோண்டாவில் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைக்கப்பட்டிருக்கும். ஃபோக்ட்லேண்டரின் பெர்க்கியோ நிஜமாகவே சட்டைப் பைக்குள் அடங்கும். அதே நிறுவனத்தின் பெஸ்ஸா 6×9. அக்ஃபா ஐசோலெட் எங்கும் கிடைக்கும், அதன் சிக்கலைப் பின்னால் சொல்கிறேன். சோவியத் யூனியனின் மாஸ்க்வா வரிசை ஸைஸின் ஐகோண்டாக்களைப் பார்த்துச் செய்தது. ஜப்பானின் மாமியா சிக்ஸ் 1940-இல் ஒரு வேடிக்கை செய்தது: ஃபோகஸ் செய்ய லென்ஸை நகர்த்தாமல் ஃபிலிம் தளத்தையே நகர்த்தியது. லென்ஸ் அசையாமல் நிற்கட்டும் என்ற எண்ணம் எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது.

லென்ஸ்களில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். மூன்று கண்ணாடித் துண்டுகள் கொண்டவை: நோவார், வாஸ்கார், அப்போட்டார். நான்கு துண்டுகள் கொண்டவை: டெஸ்ஸார், கலர்-ஸ்கோப்பார், சோலினார். ஒளி புகும் துளையை அகலமாகத் திறக்கும்போது நான்கு துண்டு லென்ஸின் ஓரங்கள் மேல். எஃப்/11-க்கு (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறியது) சுருக்கிவிட்டால், இவ்வளவு பெரிய நெகடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண்கள் கூர்மையாக இருக்க வேண்டும். டெஸ்ஸார் என்ற பெயருக்காகத் தளர்ந்த கேமராவை வாங்குவதைவிட, நோவார் பூட்டிய கட்டான நெட்டர் எவ்வளவோ மேல்.

வாங்கும் முன் பத்து நிமிடம்

உள்ளே பழைய ஃபிலிம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபிலிமின் பின்காகிதத்தைக் காட்டும் பின்பக்கச் சிவப்புச் சன்னலில் எண் தெரிந்தால் பின்கதவைத் திறக்காதீர்கள். யாரோ என்றோ எடுத்துவைத்த படங்கள் அதில் இருக்கலாம். மீதியை மெல்லச் சுற்றி முடித்து ரோலை வெளியே எடுங்கள்.

பிறகு துருத்தி. என் முதல் கேமராவில் துருத்தியை வெளியிலிருந்து பார்த்து, கறுப்பாக, மிருதுவாக, கிழிசல் இல்லாமல் இருக்கிறதே என்று திருப்திப்பட்டேன். விற்றவரும் 'நல்ல நிலை' என்றே சொன்னார். கழுவி வந்த ரோலில் 12 படங்களிலும் ஒரே இடத்தில் வால்நட்சத்திரம் போல ஒரு கறை. சரியான சோதனை இதுதான்: அறையை இருட்டாக்கி ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். கேமராவைத் திறந்து, பின்கதவையும் திறந்து, சின்ன எல்.இ.டி. டார்ச்சை உள்ளே விட்டு ஒவ்வொரு மூலையாக நகர்த்துங்கள். மடிப்புகள் சந்திக்கும் வெளி மூலைகளில்தான் துருத்தி தேயும். லென்ஸ் நிற்கும் முன்தட்டை இலேசாக அசைத்துப் பார்த்தால், ஒளிந்திருந்த ஓட்டைகள் மூக்குத்திக்கல் போல மின்னும்.

ஒன்றிரண்டு ஓட்டைகள் பெரிய குறையல்ல. 1950களின் அக்ஃபா துருத்திகள் மட்டும் வேறு கதை: அவற்றின் செயற்கைப் பொருள் மூலைக்கு மூலை பிளந்திருக்கும். துருத்தியை முழுதாக மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். மாற்றிவிட்டால் ஐசோலெட் அருமையான கேமரா.

அடுத்து, லென்ஸ் நிற்கும் முன்தட்டு. கேமராவைத் திறந்து, லென்ஸைச் சுற்றியுள்ள உலோகத்தை இரண்டு விரலால் பிடித்து முன்பின்னும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்துப் பாருங்கள். துளி அசைவு எல்லாவற்றிலும் இருக்கும். ஆடிவிட்டுத் திரும்பப் பழைய இடத்துக்கு வருகிறதா என்பதே கேள்வி. ஆட்டிய இடத்திலேயே நின்றுவிட்டால் அந்தக் கேமராவைக் கீழே வைத்துவிடுங்கள். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது லென்ஸின் முகமும் உடம்பும் இணைகோடுகளாகத் தெரிய வேண்டும். கதவு வளைந்திருந்தால் யாரோ பூட்டை விடுவிக்காமல் அழுத்தி மூடியிருக்கிறார்கள்.

ஷட்டர் மூன்றாவது. காம்ப்பூர், ப்ராண்ட்டோர் என்ற பெயர்களே அதிகம் கண்ணில் படும். வேகமான அளவுகள் ஓடுவது போலவே தெரியும். உண்மை வெளிப்படுவது 1 நொடியிலும் 1/2 நொடியிலும்தான். 1 நொடிக்கு வைத்து, ஷட்டரின் வில்லை முறுக்கும் நெம்பை இழுத்துவிட்டு, காதருகே வைத்துக் கேளுங்கள். பற்சக்கரங்கள் சீராக முனக வேண்டும். நடுவில் திக்கித் திணறினாலோ, ஒளியை மறைக்கும் மெல்லிய உலோக இலை பாதியில் நின்றுவிட்டாலோ, உள்ளே பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று பொருள். 1/25, 1/75, 1/200 என்று மூன்றே வேகம் உள்ள எளிய வேரியோ ஷட்டரில் இந்தத் தொல்லை குறைவு. தாமதமாக எடுக்கும் செல்ஃப் டைமர் இருந்தால் அதைத் தொட்டே பார்க்காதீர்கள். அது நடுவில் சிக்கிக்கொண்டால் ஷட்டரும் சேர்ந்து நின்றுவிடும்.

கடைசியாக லென்ஸ். ஷட்டரைத் திறந்து வைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே மூடுபனி போல இருந்தால் பெரும்பாலும் துடைத்துவிடலாம். சிலந்திவலை போலக் கிளைத்தால் பூஞ்சை. கண்ணாடியை அரித்திருந்தால் திரும்பாது. நாலைந்து கீறல்களுக்காகக் கவலைப்பட வேண்டாம். ஃபோகஸ் வளையம் சுழல்கிறதா என்றும் பாருங்கள். அக்ஃபாவில் இது அடிக்கடி இறுகிக் கிடக்கும். உள்ளே போட்ட பச்சை நிறக் கிரீஸ் காலப்போக்கில் பசையாகி உறைந்துவிடும். முறுக்கித் திருப்ப முயன்றால் இரண்டு லென்ஸ் கூடுகள் சேர்ந்து சுழன்று, ஃபோகஸ் அளவு முழுவதும் தப்பிவிடும்.

எவ்வளவு வரை நாமே பழுது பார்க்கலாம்

துருத்தி ஓட்டைகளை அடைக்கத் துணிக்கான கறுப்பு அக்ரிலிக் பெயிண்டோ, திரவ ரப்பரோ போதும். துருத்தியை முழுதாக விரித்து, ஊசிமுனைத் தூரிகையால் மெல்லிய பூச்சு. காய்ந்த பின் இன்னொன்று. தடிமனாகப் பூசினால் ஒளி நிற்கும், ஆனால் துருத்தி மடியாது. மடியாததை மடிக்கும்போது பக்கத்தில் புதிதாக வெடிக்கும். ஒரு நாள் முழுக்க விரித்தே வைத்துக் காயவிட்டு மூடுங்கள்.

ஷட்டருக்கு எண்ணெய் விடாதீர்கள். திக்குகிற எதையும் கண்டால் ஒரு சொட்டு விடத் தோன்றும். அந்தச் சொட்டு இலைகளுக்குப் பரவி ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். இதற்கு வேண்டியது கழுவல்: முன் லென்ஸைக் கழற்றி, லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தா திரவத்தைக் கொஞ்சமாக விட்டு, பலமுறை இயக்கி, ஆவியாகவிட்டு, திரும்பச் செய்வது. நல்ல காற்றோட்டம் வேண்டும், அருகில் நெருப்பு கூடாது. இதற்கும் மசியாவிட்டால் ஷட்டரைப் பிரித்துப் பழகியவரிடம் கொடுப்பதே மேல்.

கழற்றும் முன் ஒரு காரியம். லென்ஸ் கூடு மரையிலிருந்து விடுபடும் அந்தப் புள்ளியில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மரைக்குப் பல தொடக்கங்கள் உண்டு. தவறானதில் ஏற்றினால் தூரத்து மலை ஒருபோதும் கூர்மையாக வராது.

முடிவிலி சரிபார்த்தல்

நான் எந்தக் கேமரா வாங்கினாலும் முதல் ரோலுக்கு முன் இதைச் செய்கிறேன். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் இரண்டு உள் தண்டவாளங்களின் மேல் மங்கலான ஒட்டுநாடாவை இழுத்து விறைப்பாக ஒட்டுங்கள், அல்லது உரசிய கண்ணாடித் துண்டின் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வையுங்கள். ஷட்டரைப் 'பி'-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, பூட்டக்கூடிய கேபிள் ரிலீஸால் (ஷட்டரை அழுத்தும் கம்பி) திறந்து நிறுத்துங்கள். துளையை முழுதாகத் திறந்து, ஃபோகஸை முடிவிலிக்கு, அதாவது மிகத் தொலைவுக்கான ∞ குறிக்குத் திருப்பி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ மின்கம்பத்தையோ பூதக்கண்ணாடியால் நாடாவின் மேல் பாருங்கள். தலைகீழாகத் தெரியும், கூர்மையாகவும் தெரிய வேண்டும்.

நடுவில் மங்கினால் வளையத்தின் ஓரத்தில் உள்ள சின்னத் திருகுகளைத் தளர்த்தி, முன் லென்ஸை மட்டும் திருப்பிக் கூர்மையாக்கி, வளையத்தை முடிவிலிக் குறிக்கு நேராக வைத்து இறுக்கலாம். நடுவில் சரியாக இருந்து ஒரு ஓரம் மட்டும் மங்கினால் கோளாறு லென்ஸில் இல்லை, முன்தட்டில் இருக்கிறது. கேமராவை மூடித் திறந்து மூன்று முறை பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் நிம்மதியாக ஃபிலிம் வாங்கலாம்.

ஃபிலிம் ஏற்றுதல்

நிழலில் ஏற்றுங்கள். காலி ஸ்பூல் சுற்றும் பக்கம், புது ரோல் எதிர்ப்பக்கம். காகிதத்தின் நுனியைப் பிளவில் நுழைத்து, நேராக ஓடுகிறதா என்று இரண்டு சுற்று பார்த்து, பின்கதவை மூடுங்கள். மூடும்வரை புது ரோலின் மேல் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். ரோல் தளர்ந்தால் ஓரங்களில் ஒளி கசியும். பிறகு சிவப்புச் சன்னலைத் திறந்து மெல்லச் சுற்ற, முதலில் குறிகளும் பிறகு 1 என்ற எண்ணும் வரும்.

அந்தச் சன்னல் சிவப்பாக இருப்பதற்குக் காரணம், அன்றைய ஃபிலிம்கள் சிவப்பு ஒளியைக் காணாதவை. இன்றைய பான்குரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் காணும். ஆகவே சுற்றும்போது மட்டும் திறந்து உடனே மூடுங்கள். மூடியே இல்லாத பழைய மாதிரிகளில் கறுப்பு நாடா ஒட்டிவிடலாம். சில 6×4.5 கேமராக்களில் இரண்டு சன்னல்கள் இருக்கும்: ஒவ்வொரு எண்ணையும் முதலில் ஒன்றில் நிறுத்தி ஒரு படம், அடுத்ததில் நிறுத்தி இன்னொரு படம், 8 எண்களில் 16 படங்கள்.

படம் எடுக்கும் வரிசை

இங்கேதான் துருத்தி தன் குணத்தைக் காட்டும். கேமராவைச் சட்டென்று திறந்தால் துருத்தி காற்றை உறிஞ்சுகிறது. உள்ளே இருக்கும் ஃபிலிம் முன்பக்கமாகப் புடைக்கிறது. ஆகவே கதவை விரலால் தாங்கி மெல்லத் திறவுங்கள். திறந்த பிறகே ஃபிலிமைச் சுற்றுங்கள். சுற்றும்போது ஃபிலிம் மறுபடி விறைப்பாகும். திற, சுற்று, தூரம், துளை, வேகம், இழு, அழுத்து: இந்த வரிசை மாறக்கூடாது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இரட்டைப் பதிவைத் தடுக்கும் அமைப்பு பல கேமராக்களில் கிடையாது. ஒரு காலத்தில் எடுத்தவுடன் சுற்றுவேன், சில நாள் எடுக்கும் முன் சுற்றுவேன். விளைவு, ஒரு மூதாட்டியின் முகத்துக்குள் ரயில் நிலையத்தின் கூரை. எடுக்கும் முன் மட்டுமே சுற்றுவது என்று முடிவு செய்த நாளிலிருந்து அந்தக் குழப்பம் தீர்ந்தது.

ஒளி அளக்கும் கருவி இல்லையென்றால் பழைய கணக்கே போதும்: நல்ல வெயிலில் துளை எஃப்/16, வேகம் ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணின் (ஒளியை உணரும் திறனின் அளவு) தலைகீழ். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100 நொடி. இலேசான மேகத்துக்கு எஃப்/11, மூடிய வானத்துக்கு எஃப்/8, திறந்தவெளி நிழலுக்கு எஃப்/5.6. பழைய ஷட்டர்கள் எழுதியிருப்பதைவிட மெதுவாகவே ஓடும். நெகடிவ் ஃபிலிம் அந்தக் கூடுதல் ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், ஸ்லைடு ஃபிலிம் பொறுக்காது. காம்ப்பூரின் உச்ச வேகத்தை ஷட்டரை இழுக்கும் முன்பே வைத்துவிடுங்கள். அதற்கென்று தனி வில் இருக்கிறது, இழுத்த பிறகு திருப்பினால் உடையும்.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது நாலு நாளில் பழகிவிடும். 75 மி.மீ. லென்ஸில் எஃப்/11 வைத்து 10 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 5 மீட்டரிலிருந்து முடிவிலி வரை கூர்மையாக இருக்கும். 6×9-இன் 105 மி.மீ. லென்ஸில் அதே பலனுக்கு எஃப்/16 வேண்டும். வளையத்தில் எழுதியிருப்பது மீட்டரா அடியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். லென்ஸோடு இணையாத ரேஞ்ச்ஃபைண்டர் என்றால், அது காட்டும் எண்ணை நீங்களே லென்ஸுக்கு மாற்ற வேண்டும். பேச்சுச் சுவாரசியத்தில் முதலில் மறந்துபோவது அதுதான்.

எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சில்லாத பழைய லென்ஸ்களுக்கு ஒரு நிழல்குழல் மாட்டுங்கள். முகப்பில் சூரியன் பட்டால் படம் முழுக்க வெளுத்துவிடும்.

மூடும்போது ஃபோகஸை முடிவிலிக்குக் கொண்டுவாருங்கள். ரெட்டினா போன்ற சில கேமராக்கள் அப்படிச் செய்யாமல் மூடவே மூடா. பக்கச் சட்டங்களின் பூட்டை இரண்டு பக்கமும் ஒருசேர அழுத்தி விடுவித்து, கதவைத் தூக்குங்கள். வலுவாக அழுத்த வேண்டியிருந்தால் எங்கோ தவறு, நிறுத்திப் பாருங்கள்.

சேர்க்கத் தொடங்கினால்

ஒரு கேமரா நன்றாக அமைந்துவிட்டால் இரண்டாவது தானாக வரும். ஏதாவது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அலமாரிக்கு அர்த்தம் இருக்கும்: ஒரே நிறுவனம், ஒரே படஅளவு, அல்லது ஒரே ஷட்டரின் வளர்ச்சி. ஸைஸ் ஐகானின் தோலில் அழுத்திப் பதித்த எண்களைப் படிக்கக் கற்பது சுவையானது. ஐகோண்டா 521 என்றால் 6×4.5, 521/16 என்றால் 6×6, 521/2 என்றால் 6×9. தோலில் ஆங்காங்கே பரு போல மேடு தெரிந்தால், அடியில் பித்தளை ரிவெட்டுகள் பச்சை பூத்திருக்கின்றன. பார்வைக்குக் குறை, படத்துக்கு ஒன்றுமில்லை.

தோலுக்கு மெருகு போட்டு, உலோகத்தைத் தேய்த்துப் புதிதாக்குவது எனக்கு உடன்பாடில்லை. நிக்கல் பூச்சு தேய்ந்த இடம் முந்தைய கைகள் பிடித்த இடம். தூசியும் அழுக்கும் போனால் போதும்.

தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரம் பிடித்துப் பூஞ்சை வளர்க்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பெட்டியில், துருத்தி மடிந்த நிலையில், ஷட்டர் இழுக்கப்படாத நிலையில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து மெல்லத் திறந்து எல்லா வேகத்திலும் ஷட்டரை நாலைந்து தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு கேமராவுக்குள்ளும் ஒரு காலி ஸ்பூலை விட்டுவையுங்கள். புது ரோலைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவது எப்போதும் அந்த ஸ்பூலைத்தான்.